கோட்டைக் கதவுக்கு இரண்டு பொத்தான்

பிள்ளைகளா, நீங்கள் போனில் விளையாடும்போது நான் எட்டிப் பார்த்தால், "இது உங்களுக்குப் புரியாதுப்பா" என்கிறீர்கள். புரியாதுதான். ஆனால் உங்கள் அப்பா ஒரு காலத்தில் கோட்டைக் கதவையே தாங்கிப் பிடித்தவன். அந்தக் கதையை எழுதிவைக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மாடம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் நாலாவது படித்தேன். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பொத்தேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். அவர் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் உள் அறையில் இருந்தது. அதில் அவர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு விளையாட்டு செய்துகொடுத்தது மட்டும் தெரியும்.

விடுதிப் பையன்களிடம் கற்றுவந்த விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களுக்குக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். முன்னால் ஆறு ஓடுகிறது, என்ன செய்யப்போகிறாய் என்று மாமா கேட்பார். நாம் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். அப்படி ஒரு பகடை தாம்பரம் மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் மாமா கம்ப்யூட்டரையே உருட்டவைத்தார். பொத்தானைத் தட்டினால் திரையில் எண் வரும். கதை நடக்கும் நாட்டின் படத்தையும் அதிலேயே வரைந்து, மேலே கறுப்புக் கட்டங்களைப் போட்டு மூடியிருந்தார். நாங்கள் போகப் போக ஒவ்வொரு கட்டமாக விலகும். மலை தெரிந்தது, அது அப்படியே எங்கள் தாம்பரத்துப் பச்சைமலை. ராஜாவின் அரண்மனைக்கு எதிரே ரயில்வே கேட்டும் இருந்தது.

அக்கா வில்லாளி. பக்கத்து வீட்டு அண்ணனின் அம்மா மீன் விற்பவர். அண்ணன் படகோட்டியாகத்தான் வருவேன் என்று நின்றார். மலை மேல் படகு எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "நீ உன் வேலைய பாரு. தண்ணி வந்தா என்னாண்டதான் வரணும்" என்றார்.

ராஜாவின் குட்டி யானையை எதிரிகள் கடத்திக் கோட்டையில் அடைத்தார்கள். நாங்கள் மீட்கப் புறப்பட்ட நேரத்தில் எனக்கு அம்மை போட்டுவிட்டது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். சமையலில் தாளிப்பு நின்றது. என்னை உள் அறையில் படுக்கவைத்து, அக்காவையும் அண்ணனையும் வரக்கூடாது என்றார்கள். உடம்பு முழுக்க அரிப்பு. சொறிந்தால் முகமெல்லாம் குழி விழுந்து அப்படியே நின்றுவிடும் என்று அம்மா என் கையில் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டினார். நான் பல்லால் உருவிப் போட்டேன். நெற்றியில் ஒரு கொப்புளத்தைக் கிள்ளி ரத்தம் வந்தபோது, அம்மா சமையலறைக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது. அதற்கும் நான் சொறிவதை நிறுத்தவில்லை.

மறுநாள் மாமா உள் அறைக்கு வந்தார். அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோயிருந்ததால் தடை இல்லை. மானிட்டரை எனக்கும் தெரிகிற மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பினார். மவுஸின் வயரை ஜன்னல் கம்பிக்குள் விட்டு வெளியே இழுத்தார். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். மாமா மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் மவுஸ். கீபோர்டு மட்டும் உள்ளே, என்னிடம்.

"மாப்ள, கோட்டைக் கதவு ரொம்ப கனம். அத தாங்குற பலசாலி நீதான்" என்றார் மாமா. "இந்த மூலை பொத்தான்ல இடது கை, அந்த மூலையில வலது கை. எடுத்தா கதவு சாத்திக்கும். போனவங்க உள்ளயே கெடப்பாங்க."

அழுத்தினேன். திரையில் கதவு திறந்தது. எனக்கு மார்பு விம்மியது. அக்காவும் அண்ணனும் உள்ளே போனார்கள். யானையைக் கண்டுபிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மூக்கு நுனி அரித்தது. கை தானாகப் போனது. கதவு சாத்திக்கொண்டது.

"இன்னாடா பண்ண? நான் உள்ள மாட்டிகினேன்டா" என்று அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார், நிஜமாகவே மாட்டிக்கொண்டதுபோல.

மறுபடி அழுத்தினேன். இந்த முறை யானை நடக்க ஆரம்பித்தது. குட்டி யானை, மெதுவாகத்தான் வரும் என்று மாமா சொல்லிவிட்டார். வழியில் புல் மேய்ந்தது. தண்ணீர் குடித்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மூக்க பத்தி நெனைக்காதடா. யானைய பத்தியே நெனைச்சிக்கோ" என்றாள் அக்கா.

"யானைன்னாலே மூக்குதான கீது" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்கா எழுந்து ஓடினாள். ஒட்டடைக் கம்பின் நுனியில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டு வந்து, கம்பி வழியாக நீட்டி, என் மூக்கில் மெல்லத் தடவினாள். இது கள்ளாட்டம் என்று அண்ணன் முறையிட்டார். மலைக்காற்று அடிக்கிறது, கதையில் அது உண்டு என்று மாமா தீர்ப்பு சொன்னார்.

யானை வெளியே வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து நின்றார்.

அதன் பிறகு தினமும் ஏதாவது ஒரு கதவு. யானை வந்ததும் ராஜா மகள், அப்புறம் பூசாரி, அப்புறம் பூசாரியின் மாடு. எல்லாருமே மெதுவாக நடப்பவர்கள். கம்ப்யூட்டர் என்றாலே கரண்ட் பில் என்று முணுமுணுக்கும் அம்மா, ராத்திரி சாப்பாட்டின்போது, "இன்னிக்கு எவ்ளோ நேரம்டா?" என்று மாமாவைக் கேட்பார். "மத்தியானம் பூரா கதவு தெறந்தே இருந்துதுக்கா" என்பார் மாமா. அம்மா அவர் தட்டில் கூடுதலாக ஒரு இட்லி வைப்பார். அம்மாவுக்கும் விளையாட்டில் ருசி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சாக்ஸ் பீரோவுக்குப் போய்விட்டது. நெற்றியில் முதலில் கிள்ளிய அந்த ஒரு வடுவைத் தவிர என் முகத்தில் வேறு ஒன்றும் இல்லை, நீங்களே பாருங்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி எனக்குச் சரியான பிறகு, ஒரு மத்தியானம் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உள் அறைக்குப் போய் விளையாட்டைத் திறந்தேன். இரண்டு மூலைப் பொத்தானையும் அழுத்தினேன். கதவு அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மவுஸை எடுத்துக் கதவின் மேல் சும்மா தட்டினேன். திறந்துகொண்டது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாத்தவே இல்லை.

மாமாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. கல்லூரிக்குப் போய்ப் படித்துக் கஷ்டப்பட்டு செய்தது, அதற்குள் கெட்டுப்போயிருக்கிறது. தெரிந்தால் மனசு உடைந்துபோவார். இன்னொரு தரம் தட்டிக் கதவைச் சாத்தினேன். சத்தம் வராமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.