மாரடிக்கக் கூடாத மகள்

பச்சையம்மாளின் அம்மா இறந்துவிட்டதாக அவள் அண்ணன் வந்து சொன்னபோது, நான் வார்டில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் நான். கண்ணாடி சிரிஞ்ச், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, ஜன்னல் நிறைய மலை. இன்றும் எங்காவது டெட்டால் வாசனை வந்தால் மனசு அந்த வார்டுக்கு ஓடிவிடுகிறது.

பச்சையம்மாள் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஆடு மேய்ப்பவள். அவள் இருமலைப் பார்த்து ஊரே டி.பி. என்றது. அண்ணன் பெண்டாட்டி அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டாள். எங்கள் வார்டில் சேர்த்து எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வட்டம்.

"டி.பி. இல்ல, ஹைடாடிட். நாய் வயித்துப் புழுவோட முட்டை உள்ள போயி நீர்க்கட்டியா வளர்ந்திருக்கு" என்றார் எங்கள் சீஃப் டாக்டர். நாங்கள் யாரும் அதுவரை கண்டிராத நோய். வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் இந்தச் சாவு.

சீஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். "போகட்டும், அழட்டும். மார்ல மட்டும் அடிச்சிக்கக் கூடாது. கட்டி உடைஞ்சா உசுருக்கே ஆபத்து. சிஸ்டர், நீங்களும் கூடப் போங்க."

பெற்றவள் கிடக்கும்போது மாரடிக்காத பெண்ணை எங்கள் பக்கம் மகள் என்றே சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் வழி முழுக்க எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஊரில் இறங்கிச் சாவு மேளச் சத்தம் கேட்டதும் கையை ஓங்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஓடி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க சிஸ்டர்! எங்கம்மாவுக்கு நான் அடிச்சிக்காம வேற யாரு அடிச்சிக்கிறது?"

ஒப்பாரி நின்றது. "நர்ஸம்மா புடிச்சா நின்னுடுவாளா? இன்னா பொண்ணு இவ!" என்றாள் ஒருத்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. "நெஞ்சுல கட்டி இருக்குது. அடிச்சா இவளும் செத்துடுவா. ரெண்டு பாடை கட்டறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

கூட்டத்திலிருந்து அந்த அண்ணி எழுந்து வந்தாள். பச்சையம்மாளைத் தோளோடு அணைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நீ அழு. உன் பங்குக்கும் சேத்து நான் அடிச்சிக்கிறேன்."

மகள் சொல்லிச் சொல்லி அழ, மருமகள் அடித்துக்கொண்டாள். டியூட்டியில் இருப்பதை மறந்து நானும் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு என்னிடம் டிரெய்னிங் வந்த பெண்களுக்கெல்லாம் ஒன்று சொல்வேன்: நோயாளியிடம் "செய்யாதே" என்று சொல்வதோடு நம் வேலை முடிவதில்லை. அவளுக்குப் பதிலாக அதை யார் செய்வார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.