டின்னில் கீறிய கோடு

புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாரும் ரொட்டிக் கடையின் பின்கட்டில் வேலை பார்த்தவர்கள் அல்லர். ஜப்பான்காரர்கள் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் காஜா பேராங்கில் நான் வேலை பார்த்தேன். எங்கள் ரொட்டியில் ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். நன்றாக வந்த நாளில் புளித்த கள் நாற்றம் அடிக்கும். கையால் பிட்க முடியாது. பாராங் கத்தியால் வெட்டித் தின்றதாகச் சிலர் பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்கள். மிகைப்படுத்திச் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

கம்பெனிக்கு ஊரில் மூன்று கடைகள். பண்டார் ஹிலிரில் தலைமைக் கடை, உஜோங் பாசிரில் ஒன்று, காஜா பேராங்கில் எங்களுடையது. சண்டைக்கு முன்பு நிர்வாகியாக இருந்த வெள்ளைக்காரர் சிறைக்குப் போய்விட்டார். புதிய அரசாங்கம் மூன்று கடைகளையும் எடுத்துக்கொண்டு ஜப்பானிய அதிகாரி ஒருவரை மேலே உட்கார வைத்தது. அவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பூட்சை மட்டும், நான் குனிந்திருந்தேன். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சூப்பர்வைசர், தமிழர். சண்டைக்கு முன்பு தலைமைக் கடையில் பிஸ்கட் விற்றவர். வேகாத மாவோடு அவருக்குப் பழக்கமே கிடையாது.

எனக்கு இருபத்திரண்டு வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளித் தேர்வில் தேறியிருந்தேன். அந்தச் சான்றிதழ் அப்போது அடுப்பு மூட்டக்கூட உதவவில்லை; தாள் தடிமன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; போனவர்கள் காட்டில் செத்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு. சினிமாக் கொட்டகை வாசலில் லாரி வந்து நிற்கும். படம் பார்த்து வெளியே வந்தவர்கள் நேராக அதில் ஏற்றப்படுவார்கள். கம்பெனி ரொட்டி பட்டாளத்துக்கும் போனதால் கம்பெனி ஆட்களுக்கு முத்திரை குத்திய அட்டை ஒன்று கிடைத்தது. அட்டை உள்ளவனை லாரிக்காரர்கள் தொடமாட்டார்கள். நான் ரொட்டி சுட வந்தது அந்த அட்டைக்காக மட்டுமே. மாவின் மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை.

சொல்லப்போனால் நான் ரொட்டி சுடுபவனும் இல்லை. எங்கள் கடையில் உண்மையாக ரொட்டி சுட்டவர் கடைக்குப் பின்னாலிருந்த செட்டி கம்பத்துக்காரர்; அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தம்பி, மாமா என்ற முறைகளைத் தவிர அவருக்குத் தமிழ் அநேகமாக வராது, படிக்கவும் தெரியாது. கடையின் பொறுப்பாளர், ரொட்டியின் அளவும் முறையும் எழுதிய விதித்தாளைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதால், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தவர் மாவு பிசைபவர் ஆனார்; முந்தாநாள் வந்த நான் பேக்கர் ஆனேன். இதை அவர் மறக்கவில்லை. நான் தாளை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் கேட்பார்: "தம்பி, கெர்த்தாஸ் போலே மாக்கான் கா?" காகிதத்தைத் தின்ன முடியுமா என்று. அவர் வீட்டாரோடு எல்லாப் பேச்சும் மலாயில்தான்; மீதியை இங்கே தமிழில் தருகிறேன்.

"தின்ன முடியாது மாமா. ஆனா நம்மளத் தின்னும்," என்றேன் ஒருமுறை. அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தாள் சண்டைக்கு முந்தியது, ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பைக் கத்தரித்துவிட்டுக் கீழே ஜப்பானிய முத்திரை குத்தியிருந்தார்கள். மூன்று கடையிலும் ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே ரொட்டி. மாவு டின்னின் உட்புறம் ஆணியால் ஒரு கோடு கீறியிருக்கும். பிசைந்து வைத்த மாவு அந்தக் கோடுவரை எழும்ப வேண்டும். மூன்று சோதனையில் எழும்பாவிட்டால் பொறுப்பாளர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடைசி வரி மட்டும் புதிது.

கோதுமை மாவு இருந்த காலத்தில் கீறிய கோடு அது. எங்களுக்கு வந்தது மரவள்ளி மாவு, கொஞ்சம் அரிசி மாவு, வண்டு ஊர்ந்த கோதுமை ஒரு கைப்பிடி. மரவள்ளி மாவு எழும்பாது; அதன் குணம் அது. ஈஸ்ட் இரண்டு கரண்டி என்று தாள் சொன்னது. ஈஸ்ட் டின் வந்து மாதக்கணக்காகிவிட்டது. மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மரவள்ளி மாவில் ஒரு பங்கை வெந்நீர் விட்டுக் கஞ்சியாகக் கிண்டுவார். மீதியை அதில் போட்டுப் பிசைந்து, புளித்த கள்ளை ஊற்றி, ஈரத்துணி மூடி வைப்பார். மாவு முனகிக்கொண்டு எழும்பும். கோட்டைத் தொடும்.

இருட்டடிப்பு உத்தரவால் இரவில் அடுப்பு எரிக்கக் கூடாது. விடிந்த பிறகுதான் ரப்பர்க் கட்டையைப் பற்ற வைப்போம். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்ததால் எட்டு மணிக்குமேல்தான் விடியும். அப்படி ஒரு காலையில் சூப்பர்வைசர் சைக்கிளில் வந்து மூக்கைத் தூக்கினார்.

"என்னா நாத்தம் இது? கள்ளா?"

"மாவு புளிக்கிறதுக்கு, சார்."

"தாள்ல கள்ளுன்னு போட்டிருக்கா?"

"ஈஸ்ட்டுன்னு போட்டிருக்கு. ஈஸ்ட்டு இல்ல."

"இல்லன்னா இல்லாம செய். தாள்ல இல்லாத சாமான் உள்ள வரக்கூடாது."

கள் நின்றது. மாவு டின்னின் அடியில் படுத்துவிட்டது. அடுத்த வாரச் சோதனையில் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவர் நோட்டில் இரண்டு முறை எழுதினார், அழகான கையெழுத்தில். இன்னும் ஒன்று எழுதினால் என் அட்டை போகும். அட்டை போனால் சயாம். அந்த வாரம் நான் மாவைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தேன். பின்பக்கம்வரை படித்தேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது கடை வாசலில் பங்கீட்டு அட்டையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். டின்னில் விரலை விட்டுப் பார்த்தார்.

"மூணாவது. அட்டைய எடு."

"எடுக்கிறேன் சார். அதுக்கு முன்னால பதினேழப் பாத்துடுவோம்."

"என்னா பதினேழு?"

"தாள்ல பதினேழாவது விதி. பின்பக்கம்."

"பின்பக்கம் வேற இருக்கா?"

இருந்தது. குறை கண்ட சூப்பர்வைசர், அதை மேலே எழுதுமுன், அதே கடையில் அதே சாமானைக் கொண்டு தாமே ஒரு முறை சுட்டுக் காட்ட வேண்டும். இரண்டு முடிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதை எழுதிய வெள்ளைக்காரருக்கு ரொட்டி சுடத் தெரியும்.

"இது வெள்ளக்காரன் போட்டது. செல்லாது."

"முத்திரை ஜப்பான்காரன் போட்டது சார். செல்லாதுன்னு நீங்களே போய்ப் பெரியவர்கிட்ட சொல்லுங்க."

அவர் கோட்டுச் சட்டையைக் கழற்றினார். கையைக் கழுவினார், ரொம்ப நேரம். பிறகு மாவில் தண்ணீர் விட்டுத் தடவ ஆரம்பித்தார். வரிசையில் நின்ற முனிசிபல் குடியிருப்பு அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"சார், கோலமா போடுறீங்க? அழுத்துங்க சார்!"

"சும்மா இரும்மா."

"நான் சும்மாதான் இருக்கேன். மாவும் சும்மாதான் இருக்கு."

மாமா கையைக் கட்டிக்கொண்டு அடுப்பில் சாய்ந்து நின்றார். அந்த நாள்களில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அவர் எனக்காகச் சிரிக்கவில்லை என்பது தெரியும். இருந்தாலும் நானும் சிரித்தேன்.

சூப்பர்வைசரின் மாவு கோட்டுக்கு ஐந்து விரல் கீழே நின்றது. என்னுடையதைவிட மோசம். இரண்டு முடிவையும் அனுப்பினால் அதிகாரி யாருடையதை முதலில் பார்ப்பார் என்று அவருக்குத் தெரிந்தது. என்னை மாவு மூட்டைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"என்னா வேணும் ஒனக்கு?"

"கள்ளு. எழுத்துல வேணும்."

"எழுத்துலயா? என் தலைய எடுத்துருவான்டா."

"வாயால சொன்னா நாளைக்கு நீங்களே இல்லம்பீங்க."

யோசித்தார். நோட்டைத் திறந்து ஆங்கிலத்தில் எழுதினார்: இந்தக் கடையில் மாவு புளிக்கக் கள் பயன்படுத்தப்படுகிறது, அதற்கு முழுப் பொறுப்பு. அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"யாரு பேருல போட?"

என் பேரைச் சொல்லியிருக்கலாம். பொறுப்பாளன் நான்தான். அப்படி எழுதிய தாள் என்றைக்காவது ஒருநாள் மேலே போகும் என்பதும், போனால் அதில் இருக்கும் பேரைத்தான் பிடிப்பார்கள் என்பதும் இருபத்திரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

"கள்ள ஊத்துறது நான் இல்ல, சார்," என்றேன்.

அது உண்மை. அவர் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். எழுதி முடித்து நோட்டை நீட்டினார். நான் அதை அடுப்பருகே கொண்டுபோனேன்.

"என்ன தம்பி இது?"

"கள்ளுக்கு அனுமதி, மாமா. பெருவிரல வைங்க."

மாவுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். "பரவாயில்ல, படிச்சவன்," என்றார். சாட்சி என்று கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

சில வாரங்கள் மாவு கோட்டைத் தொட்டது. பிறகு மூன்று கடையிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைச் சயாமுக்கு அனுப்பும்படி உத்தரவு வந்தது. மற்ற இரண்டு கடைகளில் யாரை, எப்படி எடுத்தார்கள் என்று தெரியாது. எங்கள் கடைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேர் எழுதிய தாள் ஒன்று தயாராக இருந்தது.

இரண்டு சிப்பாய்களோடு சூப்பர்வைசர் வந்தபோது மாமா முழங்கைவரை மாவோடு நின்றார். அட்டையைக் கேட்டார்கள். அவர் கொடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சொல்லேன் இவங்ககிட்ட. எனக்கு அனுமதி இருக்குன்னு. பெருவிரல் வெச்சேனே."

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க மாமா, நான் மேல எழுதிப் போடுறேன்," என்றேன். எழுதிப் போடவில்லை. எழுதினால் அந்தத் தாளில் என் பேர் இருக்கும். கையைக் கழுவக்கூட அவரை விடவில்லை. அவர் பிசைந்து வைத்த மாவை டின்களில் போட்டேன். நன்றாகவே எழும்பியது.

அவர் திரும்பி வரவில்லை.

அவருடைய மனைவிக்கு எங்கள் கடையில்தான் பங்கீடு. வீட்டிலிருந்து ஐம்பது அடி. ஒரு மாதம் வரிசையில் நின்றார், என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியை வாங்கிப் போனார். பிறகு ஒருநாள் பங்கீட்டு அட்டையை மேசைமேல் வைத்து, உஜோங் பாசிர் கடைக்கு மாற்றிக் கொடு என்றார். ஊரின் மறுகோடி அது. நடந்து போய்வந்தால் அரை நாள் போகும். ரொட்டியும் இதே ரொட்டிதான்.

மாற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு. கடைப் பொறுப்பாளர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பேர், வீடு எல்லாம் எழுதிவிட்டுக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"என்ன காரணம்னு எழுத, மாமி?"

"எழுதத் தெரிஞ்சவன் நீதானே. எழுது."

மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளப்படும் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'வீட்டுக்கு அருகில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது, முத்திரையோடு.