சாணி ஜாடிகள்

பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்தது விலங்கியல். மூன்றாம் ஆண்டு முழுக்க வேலைப் பயிற்சி. அவளுக்கு வாய்த்தது மிருகக்காட்சிசாலையின் காட்டெருமைக் கொட்டில். மழை வெயில் பாராமல் அங்கே நின்று அவள் கவனித்து எழுதியதையெல்லாம், மேற்பார்வையாளர் கொஞ்சமும் கூசாமல் தன் பெயரில் கட்டுரையாகப் போட்டுக்கொண்டார். நியாயம் கேட்கப் போனவளிடம், அவள் பதப்படுத்தி வைத்திருந்த சாணி ஜாடிகளைக் காட்டிச் சிரித்தார்.

"உன் பங்கு இதும்மா. தாராளமா எடுத்துட்டுப் போ."

அவள் உள்ளுக்குள் கருவிக்கொண்டே ஜாடிகளைச் சுமந்து வந்தாள். கடைசி ஆண்டில் நுண்ணோக்கியே கதி என்று கிடந்தாள். அந்தச் சாணியில் இருந்தது, அதுவரை யாரும் அறியாத ஓர் உயிரினம். முதலில் விவரித்து எழுதுபவர் வைப்பதுதான் அதற்குப் பெயர். அவள் மேற்பார்வையாளரின் பெயரையே வைத்தாள்.

சேதி கேட்டு மனிதர் பூரித்துப்போய் ஃபோன் செய்தார். "என் பேராம்மா! பழசை மனசுல வச்சுக்காம எவ்வளவு பெரிய மனசு உனக்கு! அது என்ன உயிரினம்?"

"நாடாப்புழு சார். அதுக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. அடுத்தவங்க செரிச்சதை உறிஞ்சியே வளரும். வேற பேரே தோணல சார்."