சர்ச்சுக்குப் போன ஃபர்னஸ் தண்ணீர்

அந்தச் சனிக்கிழமை மதியம் கரண்ட் போனபோது ஃபர்னஸ் நிறைய இரும்பு உருகிக் கிடந்தது. ஓடிப்போய் ஜெனரேட்டர் பட்டனை அழுத்தினேன். 'டக்' என்றது. மறுபடி அழுத்தினேன். அந்தச் சத்தம்கூட வரவில்லை. பேட்டரி செத்துவிட்டது.

மெல்ட்டிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். இண்டக்ஷன் ஃபர்னஸைச் சுற்றிச் செம்புக் குழாய்ச் சுருள் இருக்கும், காயில் என்போம். அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் இரும்பின் சூடு போகாது. தண்ணீர் நின்றால் காயில் பொத்துக்கொள்ளும். உருகின இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் ஷெட்டே வெடிக்கும். ஃபர்னஸைச் சாய்த்து இரும்பைக் கொட்டிவிடலாம் என்றால், சாய்க்கிற ஹைட்ராலிக்குக்கும் கரண்ட் வேண்டும். அதற்காகத்தான் உயரத்தில் ஓர் எமர்ஜென்சி டேங்க் வைத்திருப்போம். வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும்.

திறந்தேன். நூல் மாதிரி இறங்கியது. ஃபர்னஸ்மேன் முருகேசன் ஏணியில் ஏறிப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணா, அடியிலதானுங்க கெடக்குது!"

முந்தின நாள் சாயங்காலம் நானே பார்த்தேன், தளும்ப இருந்தது. முதலாளி சாமுவேல் என் பக்கத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தேவசகாயம், காத்தால அத சர்ச்சுக்குக் குடுத்துபோட்டேன்."

சிங்காநல்லூரில் எங்களுடையது சின்ன ஃபவுண்டரி, இரும்பை உருக்கி வார்த்து பம்ப் காஸ்டிங் போடுகிறோம். ஒவ்வொரு வருடமும் முதல் காஸ்டிங்கை முதலாளி, விளைச்சலில் முதல் பங்கைக் காணிக்கை கொடுக்கிற சர்ச் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோவார். பூசணிக்காய், வாழைத்தார், சேவலோடு அதுவும் ஏலத்துக்கு வரும். கடைசியில் அவரே பெரிய தொகை கேட்டு எடுப்பார். அந்த வருடம் ஆர்டர் ரொம்பவே குறைந்துவிட்டது. முதலாளியம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் எங்களுக்குச் சம்பளம் போட்டார். ஏலத்தில் கேட்கக் காசில்லாமல் வெறுங்கையோடு கோயிலுக்குப் போகிறோமே என்று மனுஷனுக்குக் கூச்சம். அந்த நேரம் பார்த்து சர்ச்சின் போர்வெல் வற்றிவிட்டது. மறுநாள் பண்டிகைச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் இல்லை. சும்மா நிற்கிற தண்ணீர்தானே என்று டிராக்டர் டேங்கரில் பிடித்து அனுப்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் ஆள் யாரென்று பார்க்க மாட்டேன்.

"அது உங்க தண்ணியில்லீங்க மொதலாளி! இந்த முருகேசன் உசுருங்க! பேட்டரி மாத்துங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கர்த்தர் பாத்துக்குவாருன்னீங்க!"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கிற சர்ச்சுக்குப் பறந்தார்.

எல்லோரையும் கேட்டுக்கு வெளியே விரட்டினேன். ஆனால் வால்வில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். முழுக்கத் திறந்தால் இருக்கிற தண்ணீரும் தீர்ந்துவிடும். குறைத்தால் காயில் கொதிக்கும். காயிலைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்பைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் விட வேண்டும். வால்வைப் பிடிக்க நான் போனேன். முருகேசன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"உங்களுக்கு முட்டி மடங்காதுங்கண்ணா. ஓடோணும்னா ஓட முடியாது. நான் நிக்கறேன், நீங்க போங்க."

நான் வெளியே போகவில்லை. கரண்ட் பேனல் பக்கம் நின்றேன். வார்ப்புக்கு மணல் அச்சு செய்யும் கோர் ஷாப்பில் இருக்கும் அவன் மனைவி செல்வியும் கேட்டைத் தாண்டவில்லை. "அவரு வாராம நான் வெளிய போமாட்டேனுங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நீளமாக ஜெபம் செய்யத் தெரிந்தவன் நான். அன்று வாயில் வந்தது ஒன்றுதான்: "ஆண்டவரே, தண்ணி."

"கை வெக்க முடியலீங்கண்ணா" என்றான் முருகேசன். பைப்பிலிருந்து ஆவி அடிக்க ஆரம்பித்தது. இவனை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தபோது டிராக்டர் ஹாரன் கேட்டது. மட்கார்டில் முதலாளி தொற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சர்ச் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க, அரிசி ஊறப் போட்டிருக்குதுங்க! தண்ணிய எங்க கொண்டு போறீங்க?"

டேங்கரில் டீசல் பம்ப் இருந்தது. ஹோஸை மேலே ஏற்றினோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் முருகேசன் வால்வை முழுக்கத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் பைப்பைத் தொட முடிந்தது. கரண்ட் வரும்வரை அந்தத் தண்ணீர் தாங்கியது. வெளியே வந்தவனை செல்வி முதுகில் நாலு சாத்துச் சாத்திவிட்டு அவன் தோளிலேயே அழுதாள்.

உள்ளே இரும்பு உறைந்து, ஃபர்னஸின் உள்பூச்சான லைனிங் போய்விட்டது. பெரிய நஷ்டம். முதலாளி மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"கர்த்தர் பாத்துக்குவாரு, பாத்துக்குவாருன்னேன்" என்றார். "பாத்துக்கச் சொல்லி உங்களையத்தான அனுப்பியிருந்தாரு. நாந்தான் காது குடுக்கல." நான் அழுதுவிட்டேன்.

அடுத்த வாரமே காரை விற்றார். புது பேட்டரியும் இன்னொரு டேங்கும் வந்தன. கொடுப்பது நல்லதுதான் பிள்ளைகளே. ஆனால் ஆள் உயிருக்கென்று ஒதுக்கி வைத்ததைக் காணிக்கையாகத் தூக்கிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அதை அப்படியே காப்பாற்றி வைப்பதும் கடவுளுக்குச் செய்கிற ஊழியம்தான்.

புது டேங்கைப் பிரதிஷ்டை செய்ய ஆயர் வந்தார். ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். முதலாளியும் நானும் மூடவில்லை. அவர் டேங்கின் தண்ணீர் மட்டம் காட்டும் லெவல் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆமென் சொன்னபோது எங்கள் இருவர் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.