மீன் தொட்டி வடிந்த மதியம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இது நடந்ததுதான். நெய்வேலி டவுன்ஷிப்பில், போன கார்த்திகை மாதப் புயலன்று, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இதை அனுபவித்த இளவேனில் என் எதிரில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது, அவள் கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இளவேனிலின் புருஷன் செல்வகுமாருக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. நல்ல மனுஷன்தான். மீன் என்றால் மட்டும் பைத்தியம். குவார்ட்டர்ஸ் ஹாலில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்தான். அதன் அடியில், ஸ்டாண்டுக்குள், இன்னொரு சின்னத் தொட்டி. மேலே இருக்கும் தண்ணீர் வழிந்து கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கே சுத்தமானதும் மோட்டார் அதைப் பைப் வழியாக மறுபடி மேலே ஏற்றும். பார்க்க அழகுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

சாமான் விற்ற பண்ருட்டிக் கடைக்காரர், இளவேனிலும் பக்கத்தில் நிற்கும்போதே, படித்துப் படித்துச் சொன்னார். "சார், மேல போற பைப்புல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு ஓட்டை போட்டுடுங்க. கரண்ட்டு போனா மோட்டார் நின்னுடும். அப்ப அந்தப் பைப்பே தண்ணியத் திருப்பிக் கீழ இழுக்கும். ஓட்டை இருந்தா காத்து பூந்து நின்னுடும். இல்லீனா மேல இருக்கறது மொத்தமும் எறங்கி வூடு ரொம்பிடும். கீழ்த்தொட்டியையும் பாதிக்கு மேல ரொப்பாதீங்க."

செல்வகுமார் சிரித்தான். "அண்ணே, ஊருக்கெல்லாம் கரண்ட்டு குடுக்கறதே நாங்கதான். எங்க ஊர்ல கரண்ட்டு போவுமா?"

வேறு எந்த ஊர்க்காரனும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான். ஓட்டை போடவில்லை. கீழ்த்தொட்டியை முக்காலுக்கு மேல் நிரப்பினான். போதாததற்கு, தண்ணீர் விழும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பைப்பின் வாயைத் தொட்டியின் அடிவரை இறக்கியும் வைத்தான். கேட்டீர்களா அவன் வேலையை!

புயல் வந்த அன்று செல்வகுமார் ஷிப்டுக்குப் போய்விட்டான். காற்று பேயாட்டம் ஆடியது. இளவேனில் முன்கதவைத் தாழிட்டு, சோபாவை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். படுக்கையறையில் சாரல் அடித்ததால், ஒன்றரை வயது மகள் இசைப்பிரியாவை ஹாலில், தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளிப் பாய் போட்டுத் தூங்கவைத்தாள். பிறகு பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனாள்.

மூன்று மணி இருக்கும். கரண்ட் போனது.

எல்லாம் சாத்தியிருந்த வீடு கும்மிருட்டானது. அவளும் நெய்வேலிக்காரிதானே, இதோ வந்துவிடும் என்று அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

குளுக்... குளுக்... குளுக்...

யாரோ மடக்கு மடக்கென்று தண்ணீர் குடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் தரையில் சொளசொளவென்று ஏதோ கொட்டியது.

கடைக்காரர் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. 'ஐயோ, தண்ணி! புள்ள கீழ படுத்திருக்குதே!' பைப்பைப் பிடித்து மேலே தூக்கிவிட்டால் போதும், தண்ணீர் நின்றுவிடும். செல்லைத் தேடி டார்ச் அடிக்கலாம் என்று பார்த்தால், அதுவும் ஹாலில்தான் கிடந்தது. சுவரைத் தடவிக்கொண்டே ஹால் வாசல் வரை வந்தாள்.

பளிச்சென்று லைட் எரிந்தது.

"அப்பாடா" என்றாள் வாய்விட்டு. அப்படியே நின்றாள்.

அந்த வீட்டு டியூப் லைட் எப்போதும் நாலு தடவை கண்ணடித்துவிட்டுத்தான் எரியும். இன்றைக்கு ஒரே அடியாக எரிந்தது. ஸ்விட்ச் போட்டிருந்த ஃபேன் சுற்றவில்லை. ஃபிரிட்ஜ் உறுமவில்லை. மோட்டார் ஓடவில்லை. லைட் மட்டும் எரிந்தது.

ஹால் முழுக்கத் தண்ணீர். பாயின் ஓரம் நனைந்துவிட்டது. குழந்தை அசையாமல் தூங்கியது.

பாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு பெண் குந்தியிருந்தாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. பச்சைப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். துணியால் தண்ணீரை ஒற்றி ஒற்றி எடுத்துப் பிழிந்தாள்.

பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவாகத்தான் இருக்கும் என்று இளவேனில் நினைத்தாள். உரிமையோடு வந்து போகிறவள்.

"அக்கா... எப்ப வந்தீங்க?"

அந்தப் பெண் தன் வேலையை விடவில்லை. ஒற்றினாள். பிழிந்தாள்.

"அக்கா?"

"நீ தண்ணியில காலை வெக்காத." திரும்பாமலே சொன்னாள். மெல்லிய, பிரியமான குரல். "கொழந்தைய நான் தூக்கிக்கினு வரேன்."

சரி தூக்குங்கக்கா என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள் இளவேனில். பாதி வார்த்தை வெளியே வந்தும்விட்டது. அப்போதுதான் கவனித்தாள்.

வாளி இல்லை.

பிழிந்த தண்ணீர் தரையிலேயே விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது... சத்தமே இல்லை.

முன்கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடி இருந்தது. சோபா நகரவில்லை. பின்கதவோ இவள் நின்றிருந்த அடுப்படியில்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பெண் எப்படி உள்ளே வந்தாள்?

"தூக்கிக்கட்டுமா?"

முகம் திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் நீண்டது. குழந்தையின் காலை நோக்கி.

"வேணாம்!"

கத்திக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தாள். வழுக்கியது. முட்டி இடித்தது. குழந்தையை அள்ளினாள்.

"காலை வெக்காதன்னனே..."

அந்தக் குரல் காதோரத்தில் கேட்டது.

அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கதவு, மழை, வேலி, பார்வதி வீட்டு வாசல். கதவைப் படபடவென்று தட்டினாள். பார்வதி மெழுகுவத்தியோடு வந்து திறந்தாள். நைட்டியில் இருந்தாள். தலைகூட நனையவில்லை.

"என்னாடி இது, புயல்ல புள்ளையத் தூக்கிக்கினு! உள்ள வா, உள்ள வா." சொல்லிக்கொண்டே பார்வதி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஏன்டி இளவேனிலு... தெருவே இருட்டா கெடக்குது. உங்க வூட்ல மட்டும் எப்புடிடி லைட்டு எரியுது?"

இரண்டு பேரும் பார்த்தார்கள். ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

காற்று அடங்கி, இருட்டும் நேரத்தில் செல்வகுமார் வந்தான். கூடவே பார்வதியின் புருஷன் செந்தில்நாதனும் வந்தார். டவுன்ஷிப் எலெக்ட்ரிகலில் இருபது வருஷ சர்வீஸ். கதையைக் கேட்டு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"லைட்டு எரிஞ்சிதா? என்னாம்மா பேசற? காத்து ஏறுதுன்னு மூணு மணிக்கு இந்த ஏரியா மொத்தத்தையும் ஆஃப் பண்ணதே நாங்கதான். அப்புறம் ஆறு போஸ்ட்டு சாஞ்சி ஒயரு ரோட்டுல கெடக்குது. நாளைக்குக்கூட கரண்ட்டு வராது."

"நானும் பாத்தேங்க" என்றாள் பார்வதி.

டார்ச்சை எடுத்துக்கொண்டு எல்லோரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். குழந்தையை இளவேனில் யாரிடமும் கொடுக்கவில்லை, புருஷன் கேட்டும் கொடுக்கவில்லை. தொட்டி அடிவரை காலியாகியிருந்தது. அடியில் மீன்கள் செத்துக் கிடந்தன. துடைத்த அடையாளமே இல்லை. தண்ணீர் அப்படியே நின்றது.

செல்வகுமார் குனிந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மோட்டார் ஒயர் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. ஸ்விட்ச் ஆனில் இருந்தது. அதன் ஒயர் ஒட்டுப் போட்ட இடமும் தண்ணீருக்குள்தான்.

"இளவேனிலு..." அவன் குரல் உடைந்தது. "இந்தத் தண்ணியிலயா நடந்த? கரண்ட்டு இருந்திருந்தா நீயும் புள்ளையும்..."

அழுதுவிட்டான்.

"கரண்ட்டு இல்லீனா," என்றாள் இளவேனில், "எந்த வெளிச்சத்துலங்க நான் புள்ளையப் பாத்தேன்?"

செந்தில்நாதன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். டியூப் லைட்டைக் கழற்றக் கையை வைத்தார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். டார்ச் கீழே விழுந்தது.

"என்னாச்சு?" என்றான் செல்வகுமார்.

"சுடுதுப்பா..."