அஞ்சலை சொன்ன பேர்

1955, மாசி மாதம். காலை ஆறரை மணிக்கு வளவனூரில் புதுவை ரயிலைப் பிடித்தோம். நான் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை. கூட வந்தவள் அஞ்சலை. புருஷன் உள்ளூரிலேயே வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட, மைத்துனன் வீட்டில் கஞ்சிக்கு உழைக்கிறவள். மகள் பொன்னி என் வகுப்பில் மூன்றாவது படிக்கிறாள். அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தி மாடு மேய்க்க விடப்போவதாக மைத்துனன் சொல்லிவிட்டான். புதுவை மில்லில் நூல் சுற்றப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சின்னபாபுசமுத்திரத்தில் வண்டி நின்றது. போன வருஷம் வரை பிரெஞ்சு எல்லைச் சோதனைக்காக இங்கே மூட்டை முடிச்சை அவிழ்க்க வேண்டும். இப்போது யாரும் ஏறிப் பார்க்கவில்லை. ஆனாலும் அஞ்சலை தன் துணிமூட்டையைத் தானே அவிழ்த்து வைத்துக்கொண்டு வண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

எட்டு மணிக்குப் புதுவை. முதலியார்பேட்டை மில்லுக்கு ரிக்‌ஷா ஆறணா.

"ஒரு எடந்தான் காலியாம்மா. காத்தாலேருந்து நாலு பேர எறக்கிட்டேன்" என்றார் ரிக்‌ஷாக்காரர், மிதித்துக்கொண்டே. கேட்காமலே இருந்திருக்கலாம்.

உள்ளே மேஸ்திரியம்மா அறுந்த நூலைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னாள். வாரம் முழுக்க என் வீட்டில் நூலை அறுத்து அறுத்துப் பழகிய கை, அஞ்சலை சட்டென்று போட்டுவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்தது குமாஸ்தா மேசை.

"புருஷன் பேரு?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பேர் கோவிந்தன். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். பெருமாள் கோயிலில் ஊரே கோவிந்தா போடும்போது இவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். ரயில் நேரமும் ரிக்‌ஷாக் கூலியும் யோசித்த என் மூளைக்கு இது எட்டவே இல்லை.

"நான் சொல்றேங்க" என்றேன்.

"நீங்க சொன்னா ஆவாது மதாம். போன மாசம் ஒருத்திக்குக் கூட வந்தவங்க ஏதோ ஒரு பேர சொல்லிட்டாங்க. நெசப் புருஷன் வந்து கேட்ல கல்லு வுட்டான். அவுங்க வாயாலதான் வரணும்." பிரெஞ்சுக்காரர் காலத்து 'மதாம்' இன்னும் குமாஸ்தா வாயை விட்டுப் போகவில்லை.

வேலை கேட்டுப் பின்னால் வரிசையில் நின்றவள் ஓரடி முன்னால் வந்தாள். குமாஸ்தா பேனாவை மூடினார்.

"பொன்னிய நெனச்சிக்க" என்றேன் காதோடு.

அஞ்சலை தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"கோவிந்தன்."

"நாளைக்குக் காலைல வேலைக்கு வா" என்றார் குமாஸ்தா.

வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்துவிட்டாள். சேலையெல்லாம் வியர்வை. "டீச்சரக்கா, அவருக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் விட்டுப் போனவனுக்கு ஆயுசு ஒரு கேடா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவளுக்கு மேஸ்திரியம்மா வீட்டில் தங்க இடம் பேசிவிட்டு, பொன்னியை என்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினேன். நான் ரிக்‌ஷா ஏறும்போதும் அவளுக்கு அதே பேச்சுதான்: "ஊருக்குப் போனதும் அவர ஒரு தடவ பாத்துடுங்கக்கா."

சாயங்கால வண்டியில் திரும்பும்போது வேலை கிடைத்த சந்தோஷமே எனக்கு இல்லை. பயந்துகொண்டு இவள் ரெண்டு நாளில் ஓடி வந்துவிட்டால்?

வளவனூரில் இறங்கி நேரே கடைத்தெருவுக்கு நடந்தேன். டீக்கடையில் கோவிந்தன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் அஞ்சலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு டீ சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும், காலையில் அஞ்சலை என் வீட்டில் விட்டுப் போயிருந்த பொன்னியிடம் ஒரு கார்டைக் கொடுத்து, அம்மாவுக்கு எழுதச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக எழுதினாள்: "அப்பா நல்லா இருக்கார். நீ வேலைக்குப் போ."