வராந்தாவில் ஒரே ஒரு அம்பு

எங்கள் எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவரப்போகிறவர்கள் அலமாரி செய்துகொண்டிருக்கிறார்கள். நேற்றுக் காலை லிஃப்ட் கதவு திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. இரண்டு குழாயிலிருந்து பிதுக்கி, குழைத்து, கெட்டியாவதற்குள் அவசரமாகப் பூச வேண்டிய பசை இருக்கிறதே, அதுதான். மற்றவர்களுக்கு அது தலைவலி. எனக்கு அது வில்.

வில்லா என்று கேட்கிறீர்கள். மும்பை வடாலாவில் எங்கள் பழைய கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள், ஆளுக்கொரு ராகத்தில்.

எதையும் தொடங்குவதில் எனக்கு ஈடு கிடையாது. முடிப்பதில்தான் கொஞ்சம் சிக்கல். மீன்தொட்டி வாங்கினேன், அதில் அம்மா வெங்காயம் போட்டு வைத்தாள். ஜப்பானிய மொழி வகுப்பில் காலை வணக்கம் வரைக்கும் போனேன்; ரொம்ப நாள் அதையே சாயங்காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிதாரில் மூன்று ஸ்வரக்கட்டு தெரியும், அதில் ஒன்று பக்கத்து வீட்டு விசாலம் மாமிக்குப் பிடிக்காது. முதல் வேலைக்குப் போன வருஷம், அந்தக் கிதாரை விற்றுவிடலாம் என்று பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கையில் வில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதை அப்பாவுக்கு விளக்க முயன்று தோற்றிருக்கிறேன், உங்களிடமும் முயலப்போவதில்லை.

கடைக்காரர் அதைக் கோட்டு மாட்டும் கொக்கியாக வைத்திருந்தார். "அஸ்லி ஜங்கிள் கா மால், மேடம்" என்றார், அசல் காட்டுச் சரக்காம். நாண் இருக்க வேண்டிய இடத்தில் துணி காயப்போடும் நைலான் கயிறு. நான் கேட்காமலேயே ஒரு அம்பையும் கொசுறாகக் கொடுத்தார். அதன் இறகைப் பூச்சி தின்றிருந்தது. ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் பெட்டியில் வில்லை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ரே ரோடு தாண்டியதும் ஒரு அம்மாள் தன் காய்கறிப் பையை அதன் நுனியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனாள். வடாலா வந்ததும் அவளை எழுப்பிப் பையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, கிதார எங்க?"

"குடுத்துட்டேன்ப்பா."

"கையில என்னது?"

"வில்லு. வேட்டை வில்லு. ரீகர்வ்னு சொல்லுவாங்க."

அப்பா அதை மேலும் கீழும் பார்த்தார். "வடாலாவுல வேட்டைக்கு என்ன கெடக்கு? எலியும் புறாவும்தான்" என்றார். பிறகு, அதே குரலில், தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "ஓடுதது நம்ம கூட வரும். ஓடாதது பங்கார்வாலாகிட்ட போவும். இது அம்பு விட்டாத்தான் வரும், பாத்துக்கோ."

விஷயம் இதுதான். கட்டடத்தை இடித்து டவர் கட்டப்போகிறார்கள். மழை முடிந்ததும் எல்லோரும் காலி செய்ய வேண்டும். டவர் எழும்பும்வரை எங்களுக்குச் செம்பூரில் ஒரே ஒரு அறை. அதற்குள் எது வரும், எது வராது என்று அப்பா வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி ஃபெயில். மேஜை விசிறி ஒரு மார்க்கில் பாஸ். பழைய இரும்பு வாங்குகிற பங்கார்வாலா ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, வாசலில் நின்று, என் வில்லை அன்போடு பார்த்துவிட்டுப் போவார். என் வாழ்க்கையில் ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது அந்தப் பார்வையால்தான்.

வில்லின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கைப்பிடி, கருஞ்சிவப்பு மரம். மேலும் கீழும் மரத்தோடு கண்ணாடி நார் ஒட்டிய இரண்டு பட்டைகள். நுனிகள் இரண்டும் பழைய ராஜா செருப்பு மாதிரி வெளிப்பக்கம் சுருண்டிருக்கும். மேல்நுனியில் ஒட்டு விட்டு வாய் பிளந்திருந்தது. வார்னிஷ் முழுக்கப் பழைய பீங்கான் தட்டுக் கீறல். கீழ்ப்பட்டை, பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிற பையன் கழுத்து மாதிரி, லேசாக ஒருபக்கம் திரும்பியிருந்தது.

வீட்டுக்குள் வில்லை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. அதனால் எல்லா வேலையும் வராந்தாவில். எங்கள் வராந்தாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருபக்கம் வரிசையாகக் கதவுகள், மறுபக்கம் இரும்புக் கிராதி, மாடிப்படியில் தொடங்கி செக்ரட்டரி பெருமாள் மாமா வீட்டு வாசலில் போய் முட்டுகிற ஒரே நேர்கோடு. கதவுகள் ராத்திரி மட்டும்தான் மூடும். எல்லோரும் அதில்தான் காய்கறி நறுக்கினார்கள், சண்டை போட்டார்கள், செல்போன் பேசினார்கள். அதனால் அங்கே ஒரு போக்குவரத்துச் சட்டம் இருந்தது. எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முன்னாலேயே கத்த வேண்டும். "சூடு வருது!" என்றால் வெந்நீர். "சிலிண்டர் வருது!" என்றால் கால் விரல் பத்திரம். "தண்ணி வருது!" என்றால் கூடவே குடமும் வரும். குரல் கேட்டதும் கதவுகள் பாதி சாத்திக்கொள்ளும், நீட்டிய கால்கள் உள்ளே போகும், ஆள் கடந்ததும் மறுபடி வெளியே வரும்.

அந்தப் போக்குவரத்துக்கு நடுவில் உட்கார்ந்து நான் உப்புக்காகிதம் தேய்த்தேன். முதல் நாளே விசாலம் மாமி வந்து நின்றாள்.

"என்னடி பண்ணிண்டிருக்கே? கருவடாமெல்லாம் மரப்பொடியா ஆயிடுத்து!"

"சாரி மாமி. வில்லு."

"வில்லா?" மாமி குனிந்தாள். குரல் தணிந்தது. "இது புறாவை விரட்டுமோ?"

மாமிக்கும் புறாக்களுக்கும் ஆண்டாண்டுகாலப் பகை. அப்பளமோ வடாமோ எதையும் நிம்மதியாகக் காயவைக்க முடியாது. "கொல்லப்படாது. பாவம். பக்கத்தில போனா போறும், பயந்துக்கட்டும்" என்று எனக்கு வேட்டை விதிகளை வகுத்துக் கொடுத்தாள். அன்று முதல் மாமி என் கட்சி. பிளந்த நுனியில் பசை தடவி, சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி இறுக்கிக் கட்டியபோது, முடிச்சின்மேல் விரல் வைத்துப் பிடித்தது மாமிதான். பசை நாற்றத்துக்கு மூக்கில் முந்தானை. அம்புக்கு இறகு வேண்டும் என்றதும் கிராதியோரம் கிடந்த புறா இறகுகளைப் பொறுக்கிக் கொடுத்ததும் மாமிதான். அதில் அவளுக்கு ஒரு தனி ஆனந்தம்.

கீழ்ப்பட்டையின் கழுத்துத் திருகலை நேராக்குவதுதான் பெரும்பாடு. வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றி, எதிர்ப்பக்கமாகத் திருகிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எனக்குக் கை வலித்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் "நான் பிடிக்கட்டா?" என்று ஆளுக்கொரு திருகு திருகிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால், இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கழுத்து வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் பழையபடி இடப்பக்கம். மூன்றாம் நாள் யாரும் தொடக்கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டினேன். அட்டை ஆடாமல் இருக்க ஒருவர் அதை வில்லிலேயே கட்டிவைத்தார். அந்தக் கட்டினால்தானோ என்னவோ, கழுத்து நேராக நின்றுவிட்டது.

நாணுக்கும் கைப்பிடித் தோலுக்கும் தாராவிக்குப் போனேன். காதர் பாய் தென்காசிப் பக்கத்துக்காரர், வெளிநாட்டுக்குப் போகும் கைப்பைகள் தைப்பவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு: பை, பையாகப் போகிற பொருள்.

"ஜிப் எங்க வைக்கணும், தங்கச்சி?"

"ஜிப் வேண்டாம் பாய். இது வில்லு."

"வில்லுன்னா? தொறந்தே கெடக்குமா?"

மெழுகு தடவிய தையல் நூலைப் பல இழையாகச் சேர்த்து முறுக்கி நாண் செய்துகொண்டோம். கைப்பிடிக்கு அருமையான பழுப்புத் தோல் போட்டுத் தைத்தார். இரண்டு நாள் கழித்து வாங்கப் போனால், ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் தொங்கியது. "தோள்ல மாட்ட ஸ்ட்ராப் வேணும்னா பின்னால சொல்லு" என்றார்.

இப்போது பளபளவென்று வில் தயார். காலி செய்யவும் நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மும்பையில் வில்லைப் பழுதுபார்த்துவிடலாம்; அம்பு விட இடம் கிடையாது. மாட்டுங்கா மைதானத்தில் ஒரே நேரத்தில் எட்டு கிரிக்கெட் மேட்ச் நடக்கும். கடற்கரையில் காதலர்கள். ஆள் நடமாட்டமில்லாத இருபது தப்படி நேர்கோடு இந்த ஊரிலேயே இல்லை. ஆள் நடமாட்டமுள்ள நேர்கோடு ஒன்று இருந்தது. எங்கள் வராந்தா.

செக்ரட்டரி பெருமாள் மாமா அதற்கு ஒரு மீட்டிங்கே போட்டார். பொது வராந்தாவில் அம்பு விடலாமா என்பது ஒரே அஜெண்டா. ஒருவர் துணி காயும் கொடிகளை அவிழ்க்க மறுத்தார். ஒருவர் தன் பூனைக்கு உத்தரவாதம் கேட்டார். "புறா விஷயத்தையும் சேத்து எழுதிக்குங்கோ" என்றாள் மாமி. கடைசியில் பெருமாள் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெசல்யூஷன் பாஸ். ஒரே ஒரு அம்பு. ஒண்ணுதான். அப்புறம் கேட்டு வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. கொடிகள் சுருண்டன, தண்ணீர் டிரம்கள் நகர்ந்தன, பூனை உள்ளே பூட்டப்பட்டது. மாமி கழித்துப்போட்ட பஞ்சு மெத்தையைப் பெருமாள் மாமா வீட்டுக் கதவில் சாய்த்து வைத்தோம். படிக்கட்டில் பங்கார்வாலா தராசோடு உட்கார்ந்திருந்தார்.

நாண் ஏற்றும் மரியாதை செக்ரட்டரிக்கு. வில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதே பக்கமாக இன்னும் கொஞ்சம் வளைத்து மாட்டினார். வெண்ணெய் மாதிரி ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அத்தனை வீடியோ பார்த்தவள். அப்பா, "அம்பு வருது!" என்று தண்ணிக்குக் கத்துகிற அதே குரலில் கத்தினார். கதவுகள் சாத்திக்கொண்டன. நான் இழுத்தேன். வில்லுக்குள் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். பயந்துபோய்க் கையை விட்டேன். அம்பு இரண்டு தப்படி போய், மாமி வாசல் கோலத்தில் படுத்துக்கொண்டது.

கதவுகள் திறந்தன. பங்கார்வாலா எழுந்து நின்றார்.

"முடிஞ்சுது" என்றார் பெருமாள் மாமா. "ஒரு அம்பு."

இருபத்துமூன்று வயதில் ஒரு பழைய கோட்டுக் கொக்கிக்காக அழுவது நன்றாக இருக்காது என்று கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி இடுப்பில் கை வைத்தாள். "அது அம்பு விட்டதா? கை தவறிக் கரண்டி விழுந்தா அது பரிமாறினதா ஆயிடுமோ?"

"ரெசல்யூஷன்ல ஒண்ணுன்னு இருக்கு மாமி."

"விட்டாத்தானே ஒண்ணு? இது விழுந்தது." மாமி சட்டென்று உள்ளே போய், சுவரிலிருந்த மளிகைக்கடைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "இதோ பாருங்கோ. சாமி கையில இருக்கற வில்லு நுனி வெளியில பாத்துண்டிருக்கு. நீங்க மாட்டினது உள்ள பாத்துண்டிருக்கு. தப்பு உங்க மேல."

மொத்த வராந்தாவும் காலண்டரைச் சுற்றிக் கூடியது. சாமியையும் வில்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வில்லைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, நாங்கள் அதன் இயல்புக்கு எதிர்ப்பக்கம் நாண் ஏற்றியிருந்தோம். நல்லவேளை, 'டிக்' என்றது வார்னிஷ் மட்டும்தான். பெருமாள் மாமா இருமிவிட்டு, "முதல் அம்பு செல்லாதது என்று குறித்துக்கொள்ளவும்" என்றார், யாரும் குறிப்பெடுக்காவிட்டாலும்.

சரியான பக்கம் வளைப்பது வெண்ணெயாக இல்லை. அப்பா ஒரு நுனியைக் காலால் அண்டை கொடுத்தார், நான் நடுவில் முட்டி வைத்து அழுத்தினேன், பங்கார்வாலாவே ஓடிவந்து மறுநுனியைப் பிடித்தார்.

"ஏட்டி, பைய! ஒடைச்சுத் தொலைச்சா கல்யாணம் பண்ணி வைக்கணும்னு எவனாவது வந்து நிக்கப்போறான்" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

நாண் ஏறியது. தொட்டால் தம்புரா மாதிரி முனகியது. பெருமாள் மாமா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் மெத்தையை மறுபடி அதில் சாய்த்தோம்.

"அம்பு வருது!"

கதவுகள் சாத்தின. உடனே ஒவ்வொன்றிலும் ஒரு தலை முளைத்தது. "தலைய உள்ள வைங்க! அம்பு வருதுங்கேன்லா!" என்று அதட்டினார் அப்பா. தலைகள் மறைந்தன. கொலுசுச் சத்தம்கூட இல்லை. அந்த வராந்தாவை நான் அதற்கு முன் அவ்வளவு நீளமாகவும் பார்த்ததில்லை, அவ்வளவு காலியாகவும் பார்த்ததில்லை. இழுத்தேன், தாடையோரம்வரை. விட்டேன்.

'பொத்'.

மெத்தையின் நடுவில் அம்பு நின்றது, புறா இறகு படபடக்க. அந்த நேரம் பார்த்து, "விட்டாச்சா?" என்று பெருமாள் மாமா தன் வீட்டுக் கதவைத் திறந்தார். கதவில் சாய்ந்திருந்த மெத்தை, அம்போடு சேர்ந்து, நிதானமாக அவர்மேல் சரிந்து ஹாலுக்குள் படுத்தது. உள்ளேயிருந்து பஞ்சு மூடிய குரல் வந்தது: "ஒண்ணுதான்! ரெசல்யூஷன்!"

அப்பா வில்லை வாங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். "ஓடுது" என்றார். "வச்சுக்கோ." பங்கார்வாலா மேஜை விசிறியை எடுத்துக்கொண்டு போனார், அது முந்தின நாள்தான் நின்றுபோயிருந்தது.

இதெல்லாம் முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. மாமி தாணேயில் மகனோடு இருக்கிறாள். அங்கேயும் புறா என்று போனில் சொல்கிறாள், வில்லை எப்போது கொண்டு வருகிறாய் என்றும் கேட்கிறாள். பெருமாள் மாமா டவர் ஃபிளாட்டின் சாவி வாங்கிய கையோடு அதை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். டவர் எழும்பிவிட்டது. எங்களுக்குப் பதினெட்டாம் மாடி. வில் ஹாலில் தொங்குகிறது, பித்தளை வளையத்தில், காதர் பாய் புண்ணியத்தில். லிஃப்டிலிருந்து எங்கள் கதவுக்கு நாலு தப்படி, அங்கிருந்து எதிர்க்கதவுக்கு மூன்று. இந்தக் கட்டடத்தில் நீளமான நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மேலிருந்து கீழே.

நேற்று அந்தப் பசை வாசனையில் பாசேஜில் கொஞ்ச நேரம் நின்றேன். மூடிய கதவுகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் கண். எங்கள் கதவு மட்டும் வழக்கம்போல் திறந்திருந்தது. மூடிவைக்க அப்பாவுக்கு இன்னும் பழகவில்லை. என்ன தோன்றியதோ, "அம்பு வருது!" என்று கத்தினேன்.

ஒரு கதவும் அசையவில்லை. சாத்துவதற்குத் திறந்திருக்க வேண்டுமே. சத்தம் கேட்டால் எரிகிற பாசேஜ் விளக்கு மட்டும் தானாக எரிந்தது.

அப்புறம், எனக்குப் பின்னால், எங்கள் கதவு பாதி சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"விட்டாச்சா?"

"இல்லப்பா" என்றேன். "இன்னும் இல்ல."